செவலைக்கும் ஏகாதசி

இது சத்தியமாக நடந்த கதை. நூற்றுக்கு நூறு உண்மை. சரி, முறைக்காதீர்கள், அறுபதுதான் உண்மை. மிச்ச நாற்பதை நான் சாயத்தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறேன். நூல் காயும் வரை கேளுங்கள்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருடம், வண்டியூர்த் தெப்பக்குளம் போகிற வழியில் எங்கள் தெருவில் துளசிராம் என்ற நெசவாளி இருந்தார். ஆள் அப்படி ஒல்லி. தறிக்குழியில் இறங்கினால் நூல் எது, அவர் எது என்று தெரியாது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் அவருக்கு இருந்த ஒரே துணை செவலை என்கிற நாய். தறிச் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், என்னாச்சு என்று எட்டிப் பார்க்கும்.

அந்த நாய் விடிகாலையில் மஞ்சளாக நுரை கக்கும். வயிற்றுப் புளிப்பு என்று துளசிராமே கண்டுபிடித்தார். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், வெண்பூசணிச் சாறு என்று சங்கில் ஊற்றிப் புகட்டினார்.

"ஏண்ணே, எனக்கு வயிறு எரிஞ்சா இம்புட்டு வைத்தியம் பாப்பீகளா?" என்றேன்.

"வாய மூடிக்கிட்டிருந்தா பாக்குறேன்டா, பால்பாண்டி."

நாய் தேறும். பத்துப் பதினாலு நாள் நன்றாக ஓடும். மறுபடி கக்கும். அவர் பூசணியைக் கூட்டினார். தெருவில் படர்ந்த கொடி மீனாட்சியம்மன் கோபுரத்தையே தொட்டது என்றால் பாருங்கள். அப்போதும் கக்கியது. ஏகாதசிக்கு ஏகாதசி அவர் பட்டினி, செவலைக்கும் பட்டினி. மறுநாள் பூசை முடிந்துதான் இரண்டு பேருக்கும் சோறு. "வயித்துக்கு ஓய்வு குடுத்தா புளிப்பு அடங்கும்டா, புண்ணியமும் சேரும்" என்பார். எங்களில் ஒருத்தருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

அப்படி ஒரு ஏகாதசிக்கு மறுநாள் காலை, செவலை என் காலடியில் கக்கியது. என் வாய் சும்மா இருக்குமா?

"அடியாத்தீ, தெப்பக்குளம் நெறையிற அம்புட்டு நொர! வெறி புடிச்சிருச்சு, ஓடுங்க!"

விளையாட்டுக்குத்தான் கத்தினேன். சிரித்து முடிப்பதற்குள் தெருக் கதவெல்லாம் சாத்தியாயிற்று. உச்சிப்பொழுதில் நாலு பேர் கம்போடு வந்து நின்றார்கள். சும்மா சொன்னேன் என்று நான் காலில் விழுந்தும் யாரும் நம்பவில்லை.

துளசிராம் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், பருத்தி இறக்க வந்த எழுமலை ஊர்க்காரன் விருமாண்டியின் வண்டியில் அதை ஏற்றிவிட்டார். கூடவே ஒரு பூசணிக்காயையும் வைத்தார். "தம்பி, சீரகத் தண்ணிய மறந்துராத" என்றார். மூன்று நாள் அந்த வீட்டில் தறி ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்து விருமாண்டி வந்தான்.

"அண்ணே, அது ஒரு தடவகூட கக்கலண்ணே. வெறும் வயித்தோட படுக்க விடுறதில்ல. பொழுது சாஞ்சா ஒரு பிடி கம்பஞ்சோறு, விடிஞ்சா ஒரு பிடி. பட்டினி கெடந்தாத்தான் அதுக்குப் புளிக்கும் போல."

"பூசணிக்கா?"

"அத நாங்க கொழம்பு வச்சுட்டோம்ணே."

நான் சிரித்தேன். துளசிராம் சிரிக்கவில்லை. "அப்ப நாந்தான் அதுக்கு நோவு குடுத்தேனா?" என்றார்.

அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு எழுமலைக்குக் கிளம்பினார். செவலை பாய்ந்து வந்து அவர் முகமெல்லாம் நக்கியது. கூப்பிட்டதும் பின்னாலேயே வந்தது. ஊர் எல்லை வரைக்கும்தான். அங்கே நின்று அவரைப் பார்த்தது. திரும்பி விருமாண்டி வீட்டுப் பக்கம் பார்த்தது. நான் கயிற்றை எடுத்தேன்.

"வேணாம்டா. வேளைக்குச் சோறு போடுறவன்கிட்டயே இருக்கட்டும்."

வழி நெடுக அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். சாகும்வரை அவர் ஏகாதசிப் பட்டினியை விடவில்லை. ஆனால் அன்றைக்குத் தெருநாய்களுக்கென்று தனியாக உலை வைப்பார்.

சாயப்பட்டறையில் இவ்வளவுதான் சொன்னேன். நூல் பிழிந்துகொண்டிருந்த சீனியம்மாள் நிமிர்ந்தாள்.

"பாவி மனுசா, ஒன் வாயாலதான அந்த நாயி போச்சு!"

"அதெப்படி?" என்று எழுந்தான், தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிற நல்லகாமன். "பட்டினி போட்டவருக்கு ஒரு கேள்வி இல்லையா?"

"சாமி கும்புட்ட மனுசன எதுக்குடா இழுக்குற?"

"நாயி வந்து ஏகாதசி கேட்டுச்சாக்கும்?"

சீனியம்மாள் சாயம் கிண்டும் கோலை எடுத்தாள். நல்லகாமன் வாளியைத் தூக்கினான்.