நின்றிருந்த எஞ்சின் காட்டிய ஆறாயிரம்

பெட்ரோலும் நிட்டிங் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை... நல்லூரில் எங்கள் நிட்டிங் ஷெட்டின் பின்னறையில் அது எப்போதும் இருக்கும். சுவரெல்லாம் பனியன் பஞ்சு. நடுவில், ஸ்டாண்டுகள் மேல் தூக்கி நிறுத்திய என் தம்பி செந்திலின் ரேஸ் கார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் வாரம் முழுக்க மெஷின் ஓட்டுவான். ஞாயிறானால் கோயமுத்தூர்ப் பக்கம் கார் ஓட்டுவான்.

முந்தைய ரேஸில் அவனுடைய எஞ்சின் வெடித்துப்போனது. டேஷ்போர்டின் ஆர்.பி.எம். மீட்டர் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் குறைத்துக் காட்ட, அளவு மீறி ஓட்டியதுதான் காரணம். மாற்று எஞ்சின் மலிவாகக் கிடைத்தது... விபத்தில் நொறுங்கிய இன்னொரு ரேஸ் காரிலிருந்து கழற்றியது. அதை ஓட்டிய பையன் பிழைக்கவில்லை. எங்கள் அம்மா அதன்பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை.

"மீட்டரை மட்டும் சரி பண்ணிக் குடுத்துரு, அக்கா. இந்த எஞ்சினும் போச்சுன்னா நான் பேசாம பனியனே ஓட்டிக்கறேன்" என்றான் செந்தில்.

வழி எளிது. நிட்டிங் மெஷினின் வேகம் பார்க்க எங்களிடம் ஒரு கைக்கருவி இருந்தது. சுழலும் புல்லிச் சக்கரத்தில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, கருவியின் ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், திரும்பி வரும் மினுங்கல்களை எண்ணி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லிவிடும். டேஷ்போர்டு முள்ளை அதோடு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும்.

மழை இருட்டிய ஒரு மதியம். ஒற்றை ட்யூப்லைட். மெக்கானிக் ஆரோக்கியம் முன்சக்கரத்தைக் கழற்றி, எஞ்சின் புல்லியில் ஸ்டிக்கரை ஒட்டினார். எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. கருவி வேலை செய்கிறதா என்று சும்மா நீட்டிப் பார்த்தேன்.

ஆறாயிரம்.

மறுபடி நீட்டினேன். அசையாத புல்லி... அதே ஆறாயிரம்.

ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டார். "நிக்கற வண்டி ஆறாயிரத்துல ஓடுதுன்னா, ஓட்டறது ஆருங்க டீச்சர்? செத்துப்போன அந்தத் தம்பி இன்னும் வண்டிய உட்டு எறங்கலையாட்ட இருக்குதுங்க."

"எறங்கச் சொல்லுங்கண்ணா, நான் உக்காரோணும்" என்றான் செந்தில்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. ட்யூப்லைட் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை மினுங்கும். நிமிடத்துக்கு ஆறாயிரம். கருவி அதைத்தான் எண்ணியது. லைட்டை அணைத்தேன். பூஜ்யம்.

"பாத்தீங்களாண்ணா? பேயுமில்ல, ஒண்ணுமில்ல."

அப்புறம் லைட்டைப் போடாமல் டார்ச்சைத் தரையில் வைத்து, காதில் பனியன் வேஸ்ட் பஞ்சை அடைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினோம். இரண்டாயிரம், மூவாயிரம்... முள் ஒவ்வோர் இடத்திலும் பின்தங்கியது. நிறுத்தி நிறுத்தி, மீட்டரின் பின்னாலிருந்த திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். கடைசியில் ஆறாயிரம். செந்தில் முள்ளை அங்கேயே பிடித்து வைத்தான். கருவியும் ஒத்துக்கொண்டது. உடனே எண்கள் தடுமாறின. ஸ்டிக்கர் பெயர்கிறதோ என்று பார்க்க ஆரோக்கியம் ட்யூப்லைட்டைப் போட்டார்.

புல்லி நின்றுவிட்டது.

அப்படித்தான் தெரிந்தது. ஒவ்வொரு மினுங்கலுக்கும் சரியாக ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்த என் கண்ணுக்கே அது அசையவில்லை. ஸ்டிக்கரின் பெயர்ந்த ஓரம் மட்டும், அழுத்திவிடச் சொல்வதுபோல் அமைதியாக நீட்டிக்கொண்டிருந்தது.

கண்ணை நம்பி ஆரோக்கியம் கட்டைவிரலை நீட்டினார். கத்தினேன். காதடைத்த பஞ்சில் அவருக்குக் கேட்கவில்லை.

லைட் அணைந்தது.

டார்ச் வெளிச்சத்தில் புல்லி வெறும் சாம்பல் நிறச் சுழலானது. அதைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் அவர் கை வெடுக்கென்று பின்வாங்கியது.

செந்தில் எஞ்சினை நிறுத்தினான். "கரண்ட் போயிருச்சு" என்றேன். ஆனால் சுவருக்கு அப்பால் எங்கள் நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சற்று நேரத்தில் லைட்டும் தானாக எரிந்தது.

"லைட்ட ஆருங்க டீச்சர் அமத்துனது?" ஆரோக்கியம் தன் விரலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வண்டி அதிர்வுலங்கண்ணா. ட்யூப் லூசா இருக்கும்."

ஸ்டூலில் ஏறித் திருகிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

மீட்டர் சரியாகக் காட்டியது. அந்த சீசன் முழுக்க எஞ்சினும் தாங்கியது.

இப்போது ஆரோக்கியத்துக்குப் பக்கத்திலுள்ள மண்ணரைப் பகுதியில் சொந்த கேரேஜ். ஆர்.பி.எம். எல்லாம் லேப்டாப்பில் வந்துவிடுகிறது. ட்யூப்லைட் போய் எல்.இ.டி. வந்தாயிற்று. நின்றது நின்றதாகத் தெரிகிறது, ஓடுவது ஓடுவதாக. நல்லதுதான்... மூன்று பேரும் காதில் பஞ்சோடு ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மதியங்கள்தான் இல்லை.

பேயை நான் இன்றும் நம்புவதில்லை. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் ஆரோக்கியம் டீ நீட்டுவார். என் பார்வை அவர் கைக்குப் போகும்.

"அஞ்சும் இருக்குதுங்க டீச்சர்" என்பார்.

சொல்லிவிட்டு ஒரு தடவை மேலே விளக்கைப் பார்ப்பார். நான் டம்ளரைப் பார்த்துக்கொள்வேன்.