முதுகு காட்டிக் கேட்பவள்

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பாயின் சுருண்ட ஓரத்தைக் காலால் அமுக்கிவிட்டு, அம்சவல்லி மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள். மணிமங்கலம் அம்மன் கோயில் திடலில் அத்தனை ஜனமும் ஒரு பக்கம் பார்க்க, இவள் ஒருத்தி மட்டும் ஜனத்தைப் பார்க்கிறாள். பின்வரிசைப் பெண்களுக்கு இது பழகிப்போன தொந்தரவு. கச்சேரி பார்க்க வந்த இடத்தில் நேரெதிரே ஒரு முகம், அதுவும் சுளித்த முகம்.

"இன்னா அம்சாக்கா, எங்க மூஞ்சில சினிமாவா ஓடுது? அந்தாண்ட திரும்பேன்."

"பாட்டு காதுல பூர்றதுக்குக் கண்ணு எதுக்குடி? கண்ணத் தொறந்தா அவன் கோட்டு தெரியும். கோட்டு தெரிஞ்சா பாட்டும் நல்லா கீற மாதிரி இருக்கும். நீங்க ஏமாறுங்க. நான் ஏமாற மாட்டேன்."

கோட்டு என்று அவள் சொல்வது வெள்ளிமணி இன்னிசைக் குழுவின் ஜிகினா கோட்டை. தாம்பரத்திலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கும் அந்தக் குழுவில் பாடுகிறவர், வாசிக்கிறவர், ஒயர் பிடிக்கிறவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளி மினுக்கு. ஆடித் திருவிழாவுக்கு வெள்ளிமணி வந்தால்தான் ஆத்தாளே கண் திறப்பாள் என்பது விழாக் கமிட்டியின் நம்பிக்கை. படப்பை, ஒரகடம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் டிராக்டரில் ஆள் வரும். அம்சவல்லியின் கருத்தோ வேறு.

"அது ஆர்கெஸ்ட்ரா இல்ல. தையக்கடை."

கருத்து அதோடு நிற்பதில்லை. அறிவிப்பாளர் ஒரு பாட்டை அறிமுகம் செய்யும் நேரத்தில் இரண்டு பாட்டு பாடிவிடலாம். டிரம்ஸ்காரர் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார், பிடிப்பதில்லை. முக்கியப் பாடகர் மேலே போகவேண்டிய இடத்தில் குதிகாலைத் தூக்குகிறார். குதிகால் மேலே போகிறது, சுதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேடைக்கு முதுகைக் காட்டுகிறவளுக்குக் குதிகால் எப்படித் தெரிந்தது என்று அவள் கணவர் நடேசன் ஒருமுறை கேட்டார்.

"சத்தத்துலயே தெரியுதே," என்றாள்.

நடேசன் கொட்டாவி விட்டார். ஏரிக்கரைப் பம்பு செட்டில் வேலை பார்க்கும் அவருக்கு, மோட்டார் ஓடாத இடம் எதுவானாலும் தூங்குவதற்கு ஏற்ற இடம்தான். எல்லாக் கச்சேரியிலும் இரண்டாவது பாட்டில் அவர் தலை தொங்கிவிடும்.

அம்சவல்லிக்கு வேலை ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு ரப்பர் கம்பெனியில். அச்சிலிருந்து வரும் வாஷர்களைச் சுற்றி அப்பம் மாதிரி ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வளைந்த கத்தரியால் வெட்டி வட்டமாக்கித் தொட்டியில் போட வேண்டும். கூடவே வேலை செய்யும் பெண்கள் பாடினால் கத்தரி நிற்காமலேயே தீர்ப்பு வரும். "ரெண்டாவது லைன்ல இழுத்துட்ட." "நீ பாடாத, நீ பேசினாலே போதும்." தான் மட்டும் பாடமாட்டாள். பாடினால் எப்படி இருக்கும் என்பது தாலாட்டுக் கேட்டு வளர்ந்த மகள் எழிலரசிக்குத் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

அவளுக்குப் பிடித்த இசைக்குழு உலகத்தில் ஒன்றே ஒன்று. படப்பையில் இருக்கும் ஐந்து பேர் கொண்ட பேண்டு செட். இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரினெட், ஒரு டிரம், கிலுகிலுப்பை ஆட்ட ஒருவர். கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடப்பார்கள்.

"நடந்துனே வாசிக்கிறான் பாரு, அவன்தான் வித்வான். தாளம் காலுல கீது. உக்காந்துனு எவன் வேணா வாசிப்பான்."

அந்த செட் தெருவுக்குள் நுழைந்தால் கட்டிப்போட்ட மாடுகள் கயிற்றை இழுக்கும், தொட்டில் குழந்தைகள் எழுந்துவிடும். அம்சவல்லி மட்டும் கரண்டியோடு வாசலுக்கு வந்து, கடைசி டிரம்பெட் முனை திரும்பும்வரை நிற்பாள்.

அவள் காது தவறவே தவறாதா என்று கம்பெனி வேன் ஓட்டுகிற மண்ணாங்கட்டியைக் கேட்கவேண்டும். வேனில் டேப் வைத்திருக்கிறார், வெள்ளிமணி பக்தர். ஒரு காலையில் கேசட்டைப் போட்டதும் அம்சவல்லி ஆரம்பித்துவிட்டாள். "வந்துட்டான்யா வெள்ளிமணிக்காரன். மூக்காலயே பாடுறான் பாரு. எத்தன அழகான பாட்டு, இத்த இப்டிக் கொல்றானே." மண்ணாங்கட்டி வேனை ஓரங்கட்டி நிறுத்தி, கேசட்டை எடுத்து, அட்டையை அவளிடம் நீட்டினார். அது வெள்ளிமணி இல்லை. சினிமாவில் அந்தப் பாட்டைப் பாடிய பாடகரே பாடிய அசல் கேசட். வேன் முழுக்கச் சிரிப்பு. அம்சவல்லி அட்டையை நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"பாவம், அவருக்கும் அன்னிக்கித் தொண்ட கட்டிகிச்சி போல."

இப்படிப்பட்டவளின் வீட்டுக்கு, இந்தத் தொண்ணூற்றொன்று ஆனி மாதக் கடைசியில், மகளை நிச்சயம் செய்ய வந்தார்கள்.

மாப்பிள்ளை ரகு தண்டலத்துப் பையன். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவனும் எழிலரசியும் ஒரே பஸ்ஸில் போய்வந்து பழகியவர்கள். வீட்டில் சொன்ன பிறகு பார்த்தால் ஜாதி, ஜாதகம் இரண்டும் ஆச்சரியமாக ஒத்துப்போயிருந்தன. ரகுவுக்குத் தகப்பன் இல்லை. அம்மா சரோஜா உள்ளே நுழையும்போதே "சம்பந்தி" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, கூடத்து மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். தாம்பூலத் தட்டைப் பிடித்திருந்தவர் அவளுடைய அண்ணன் கண்ணப்பன். ஆனால் தட்டை நகர்த்தியது அவள் கண்.

"நக நட்டுன்னு எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க," என்றார் கண்ணப்பன். "தங்கச்சிக்கு ஒரே ஒரு ஆச. கல்யாணத்துக்கு மொத நாளு சாயங்காலம் வெள்ளிமணி கச்சேரி வெக்கணும்."

நடேசன் தலையாட்டுவதற்குள் அம்சவல்லியின் வாய் முந்திக்கொண்டது.

"வெள்ளிமணியா? அத்தப் போயி யாராச்சும் கல்யாணத்துல வெப்பாங்களா? அவன் பாடி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்ளயே எழுந்து பூடும்."

ஓரிருவர் சிரித்தார்கள். சரோஜா சிரிக்கவில்லை; அண்ணனைப் பார்த்தாள். நடேசனை நோக்கி நீண்டிருந்த தட்டு மெல்லத் தரையில் இறங்கியது.

"எங்க வூட்டுக்காரரு இருந்தசொல்ல, வெள்ளிமணி எங்க வெச்சாலும் என்ன சைக்கிள்ல குந்தவெச்சி இட்டுனு பூடுவாரு," என்றாள் சரோஜா. குரலில் கோபம் இல்லை. "பூந்தமல்லி வரைக்கும் போயிகீறோம். அவருக்கு இன்னா, காது கேக்காதா?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயைப் பொத்தியிருப்பார்கள். அம்சவல்லி சமாதானமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"இல்லக்கா, சைக்கிள்ல போன சொகத்துல பாட்டு நல்லா கீற மாதிரி இருந்திருக்கும்."

கண்ணப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆடி பொறக்கப் போவுது. இனிமே எத்தயும் பேசக்கூடாது. ஆவணில பாத்துக்கலாம்."

செருப்பை மாட்டும்போது சரோஜா திரும்பினாள். "ஆடிக்கு உங்க ஊர்ல வெள்ளிமணிதானே? நான் வரேன். ஒண்ணா குந்திக் கேக்கலாம். கேட்டுட்டு அப்பால சொல்லுங்க, அக்கா."

உள்ளே வரும்போது இருந்த சம்பந்தி, வெளியே போகும்போது அக்காவாகியிருந்தது.

எழிலரசி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். தண்ணீர் வேண்டுமா என்று சுவரைக் கேட்பாள். கடைசியில் ஒருநாள் தலைவாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரே வார்த்த. நல்லா கீதுன்னு சொல்லிடு. நான் உன்கிட்ட வேற இன்னா கேட்டேன்? எனக்கு அவரத் தவுர வேற யாரும் வேணாம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"என் காதுகுத்துக்கு மாமா போட்டது தங்கமே இல்ல, முலாம்னு தெரிஞ்சும் அழகா கீதுன்னு சொன்னல்ல? அந்த மாதிரி சொல்லு."

அது தோடு, இது பாட்டு என்று சொல்ல வாயெடுத்து, மகளின் கண்ணைப் பார்த்துவிட்டு, அம்சவல்லி அடங்கினாள்.

அதற்குப் பிறகு ஆடி முழுக்க ஒத்திகை. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்தாள். வாஷர் வெட்டும்போது சொல்லிப் பார்த்தாள். "நல்லா" வரைக்கும் சுலபமாக வந்தது. அதற்குப் பின்னால் நாக்கு தானாக எதையாவது சேர்த்தது. "நல்லா இருந்திச்சி... கரண்டு போன நேரத்துல." "நல்லாத்தான் கீது... அந்தாளு பாடாம இருந்தா." மண்ணாங்கட்டி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நீ வெறுமனே தலய ஆட்டிடு. வாயத் தொறக்காத. ஒரு குடும்பமே உன் வாயில கீது."

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை திருவிழா. கூழ் ஊற்றி முடித்துப் பொழுது சாயும் நேரத்தில் ட்யூப் லைட்டுகள் எரிந்தன. சரோஜா தண்டலத்திலிருந்து பாயோடு வந்திருந்தாள். தாராளமாக இரண்டு பேர் உட்காரும் பாய். அதை விரித்து, இடது ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரப் போன அம்சவல்லியைக் கையால் நிறுத்தினாள்.

"அங்க வேணாம் அக்கா. எதுர்ல குந்துங்க. நீங்க அப்படித்தானே குந்துவீங்களாம்."

கிண்டலா என்று அம்சவல்லி முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. எதிரே உட்கார்ந்தாள். எழிலரசி பின்னாலிருந்து வந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலையை அம்மாவின் கையில் திணித்தாள். வாய் சும்மா இருந்தால்தானே ஆபத்து.

வெள்ளிமணி அன்று தன் பெயரைக் காப்பாற்றியது. அறிவிப்பாளர் அம்மனில் தொடங்கி ஒன்றியப் பெருந்தலைவர்வரை வணங்கி முடிப்பதற்குள் நடேசன் தூங்கிவிட்டார். முதல் பாட்டில் மைக் ஊளையிட்டது. இரண்டாவதில் கீபோர்டும் கிடாரும் வேறு வேறு ஊருக்குப் போயின. அம்சவல்லி கடலையை மென்றாள். ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு கடலை. பொட்டலம் வேகமாக இளைத்தது. தலையாட்டவும் மறக்கவில்லை. வலியில் இருப்பவள் ஆட்டுவது மாதிரி இருந்தது அது.

பிறகு முக்கியப் பாடகர் ஒரு பழைய டூயட்டை எடுத்தார். கூடப் பாடும் பெண் வரவில்லை போலிருக்கிறது, இரண்டு குரலையும் அவரே பாடினார். ஆண் குரலும் சரியில்லை, பெண் குரல் அதைவிட மோசம். பின்வரிசையிலேயே யாரோ சிரித்தார்கள். அம்சவல்லியின் நாக்கு நுனிக்கு ஒரு வாக்கியம் வந்துவிட்டது. கல்யாணமே கவிழ்ந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாத அளவுக்கு நல்ல வாக்கியம்.

நிமிர்ந்தாள். எதிரே சரோஜா.

சரோஜாவின் உதடு பாட்டோடு அசைந்துகொண்டிருந்தது. பாடகருக்குக் கொஞ்சம் முன்னாலேயே அசைந்தது. அவர் தடுமாறிய இடத்தில் அது தடுமாறவில்லை. கண் மேடையில் இல்லை. அவள் வலது கை பாயின் காலியான பாதியின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தரையில் தட்டுகிற மாதிரி இல்லை அந்தத் தட்டல். பக்கத்தில் இருக்கிறவரின் தொடைமேல், அவருக்கு வலிக்காமல் தட்டுகிற மாதிரி இருந்தது.

பெண் குரலின் வரி வந்தபோது கை நின்றது. சரோஜா தலையைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து, அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் முழுதாகப் பாடினாள். பிறகு கை மறுபடி தட்டத் தொடங்கியது.

அம்சவல்லி மெல்வதை மறந்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டின் பெருமையைத் தொடங்கினார். சரோஜா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள்.

"எப்டி கீது, அக்கா?"

பின்வரிசையில் எழிலரசி இரண்டு கைகளையும் வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

அம்சவல்லி வாயிலிருந்த கடலையை உள்ளங்கையில் துப்பினாள். மறு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அறிவிப்பாளரின் மைக்கையும் மீறித் திடல் முழுக்கக் கேட்கும்படி, "ஒன்ஸ் மோர்" என்று குரல் கொடுத்தாள்.