பாஜி நின்றுபோன பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். விம்பிள்டனில் எங்கள் வீட்டு முன்னறைத் திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். ரேடியோவை அணைத்தேன். கைபேசியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். அதற்குள் வைத்தால் ஒட்டுக்கேட்க ஏலாதென்று யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம்.

“இஞ்சாருங்கோ, உங்களை ஒட்டுக்கேட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்கள்? நீங்கள் விடுற குறட்டையையோ?” என்றாள் மனைவி.

காரணம் சோபாவில் இருந்த பாஜி. பாஜி என்றால் பஞ்சாபியில் அண்ணை. பதினைந்து வருடமாக ஒரே கராஜில் பஸ் ஓட்டுகிறோம். பேசுவது கராஜ் இங்கிலிஷ். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்வார். அகதியாக வந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்து, பிரஜாவுரிமைக்கு மட்டும் விண்ணப்பிக்காமலே இருந்தவர். இப்போது ஊரில் தாய் விழுந்து, இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு விட்டு வந்த நாட்டுக்குள் போக முடியாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும். அதற்கான படிவங்களோடு வந்திருந்தார். அவரை எனக்குத் தெரியுமென்று நான் கையொப்பமிட வேண்டும். அவ்வளவுதான்.

பேனாவை எடுத்தேன். அவர் வேறொரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எப்போதாவது பயங்கரவாத அமைப்பில் உறுப்பினராக இருந்தீரா, அதற்கு ஆதரவு கொடுத்தீரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

“பத்து வருஷமா இந்தப் பக்கத்திலதான் நிக்கிறன்” என்றார்.

அப்போதுதான் நான் எழுந்துபோய்த் திரைச்சீலைகளை மூடினேன்.

பிறகு அவர் சொன்ன கதை இது. ஊரில் அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. சீக்கியருக்குத் தனிநாடு கேட்ட ஆயுதக் குழுக்கள் அவருடைய ஊர்ப்பக்கம் பல இருந்தன. முதலில் நாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. தாங்கள் வரும்போது குரைத்துக் காட்டிக்கொடுக்கின்றனவாம். வீட்டு நாயை பாஜியின் அண்ணன் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தனியே திரும்பி வந்தான். பிறகு ஒரு பின்னேரம், போர்வைக்குள் துவக்கோடு ஐந்து பேர் வந்து கரும்புக்குள் இருந்துகொண்டு சாப்பாடு கேட்டார்கள். தாய் இருபத்திரண்டு ரொட்டி சுட்டார். துணியில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பாஜி.

“எந்தக் குழு?” என்று கேட்டேன்.

“துவக்கோட பசிச்சு வந்தவனிட்டப் பேர் கேக்கிறதோ? முதல் கிழமை பக்கத்து வீட்டுக்கு வந்தவங்கள் வேற ஆக்கள். அவங்களுக்கு ஏன் குடுத்தனீங்கள் எண்டு இவங்கள் அந்த வீட்டாக்களை அடிச்சவங்கள்.”

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. ரொட்டி கொண்டுபோனது நீயா என்று பாஜியைத்தான் முதலில் கேட்டார்கள். நான் இல்லை என்றார். அண்ணன் முன்னால் வந்து, தான்தான் என்றான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடல்கூடத் திரும்பி வரவில்லை.

வழக்கமாக இப்படியான இடத்தில் நான் ஒரு பகிடி விடுவேன். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“இல்லை எண்டு போடுங்கோ பாஜி. ரொட்டிதானே. நானும் அப்பிடித்தான் போட்டனான்.”

அது உண்மை. பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகச் சோற்றுப் பார்சல் சேர்த்து, சைக்கிளில் இயக்கப் பொடியளின் காவலரண்களுக்குக் கொண்டுபோனவன் நான். பார்சல் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. என் படிவத்தில் ‘இல்லை’ போட நாலு செக்கன் எடுத்தது. அன்றிலிருந்து தபால்காரர் மணி அடித்தாலும் குளியலறைக்குள் ஓடுகிறேன்.

பாஜி படிவத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஒருக்கா இல்லை எண்டு சொன்னனான். அதாலதான் உயிரோட இஞ்ச இருக்கிறன். ரெண்டாந்தரம் ஏலாது.”

“ஓம் எண்டு போட்டு, அவங்கள் மறுத்தால்? அங்க அம்மா பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறா” என்றாள் மனைவி.

“நான் இல்லை எண்டு சொல்லேக்க அம்மா பக்கத்திலதான் நிண்டவ.”

மனைவி எழுந்து திரைச்சீலைகளைத் திறந்துவிட்டாள். பாஜி ‘ஆம்’ போட்டார். அவர் சொன்ன விளக்கத்தை இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். என்னுடைய தாளில் கையொப்பம் வைத்தேன்.

படிவம் அனுப்பி ஐந்தாம் மாதம் தாய் போய்விட்டார். கராஜ் கன்ரீனில் இருந்து தகனத்தைக் கைபேசியில் பார்த்தோம். பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. அமைப்பின் பெயர் என்ன, எத்தனை முறை உதவினீர் என்று கேட்டிருந்தார்கள். கூடவே, நிரப்பி அனுப்ப ஒரு தாள். பாஜி அதைக் கொண்டுவந்தார். இந்த முறை திரைச்சீலைகளை மூடவில்லை. கதவுச் சங்கிலியை மட்டும் போட்டேன்.

“அம்மாவும் இல்லை. இனி என்னத்துக்கு பாஜி? விட்டிடுங்கோ.”

“கேட்டிருக்கினம். சொல்லுவம்.”

அமைப்பின் பெயர்: தெரியாது. எத்தனை முறை: ஒரு முறை, இருபத்திரண்டு ரொட்டி. பிறகு அண்ணனின் பெயரையும் எழுதச் சொன்னார்.

“அதுக்குக் கட்டம் இல்லை பாஜி.”

“ஓரத்தில எழுதும்.”

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், எழுதினேன். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். பிழை இல்லை என்றார்.