நிதிச் செயலாளர் மறந்த வசனம்

கஜானா காலியாகி அரசு அதிகாரிகள் திண்டாடும் கதை. புதுக்கோட்டையில் படம் பிடித்தார்கள். இலுப்பூரிலிருந்து போன எனக்குப் பியூன் வேடம். "ஐயா, சம்பளம் கேட்டு எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க" என்று சொன்னால் போதும். கூச்சத்தில் மூன்று முறை குழறிவிட்டேன்.

"இன்னொரு தடவை சொதப்புனா ஆளை மாத்துங்கப்பா" என்றார் இயக்குநர்.

நிதிச் செயலாளராக நடித்த நரைத்தலைக்காரர், வில்லையே இல்லாத மூக்குக்கண்ணாடியை எப்போதும்போல் துடைத்துக்கொண்டிருந்தார். நான்காம் முறை என் நாக்குக் குழறியதுமே அவர் கையைத் தூக்கினார். "மன்னிக்கணுங்க, எனக்கு வசனம் மறந்துபோச்சு."

ஐந்தாம் முறை சரியாகச் சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்கே மறந்துபோச்சுங்களாய்யா?" என்று பிறகு கேட்டேன்.

"வயசாச்சுல்ல தம்பி" என்று மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

தியேட்டரில் பார்த்தேன். அமைச்சரிடம் வரவு செலவு முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். என்னிடம் அவர் சொல்லவேண்டியிருந்தது, "வரச் சொல்லு" என்ற இரண்டே வார்த்தைதான்.