பீம்ராவ் வராத கூட்டம்

மாதத்தின் முதல் வாரத்தில் பீம்ராவின் வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வரும். வேறு எதற்காகவும் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ரயில்வே பட்டறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவில் அவர் பொதுமக்கள் உறுப்பினர். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சிக்கும் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவமோ சட்டமோ படிக்காத ஒருவர் உட்காராமல் குழு முடிவெடுக்கக் கூடாது. ஏழையின் உடம்பைக் கேட்காமலே அறுத்துப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருந்ததால் எழுதப்பட்ட விதி அது.

ஆராய்ச்சிக்கு உட்படுபவர்கள் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்கள் அந்த உறையில் இருக்கும். அவற்றை அவர் மனைவி மாயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். மாயாவுக்கு எழுத்து தெரியாது. கீரை ஆய்ந்தபடியே கேட்பாள்.

“யோவ், நிறுத்து. இன்னாது அது? தமிள்ல சொல்லு.”

அவள் நிறுத்திய இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். கோடு விழுந்த படிவத்தைத் திருத்தச் சொல்லிக் கூட்டத்தில் திருப்பிக் கொடுப்பார். “உங்க வீட்டு டாக்டரம்மா என்ன சொன்னாங்க?” என்று பேராசிரியர்கள் கிண்டலடிப்பார்கள். ஆனால் திருத்திவிடுவார்கள்.

மாயா இறந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போதும் அவர் உரக்கத்தான் படிக்கிறார். நிறுத்துவதற்கு ஆளில்லாததால் கடைசி வரி வரைக்கும் போய்விடுகிறது. பென்சில் சீவியபடியே கிடக்கிறது.

பல்கலைக்கழகம் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருந்தது. ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதர்களை ஒழுங்காகப் பாதுகாக்கிறார்களா என்று பார்க்க வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். அலுவலகம் முழுக்கக் கோப்புகள், சுவரெல்லாம் புது பெயிண்ட் வாடை. குழுவின் அலுவலர் ராமசெல்வி அவரை வரவழைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒரு வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

“ஐயா, இங்க ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. ஆகஸ்ட் பதினாலு. முகத்துவாரக்குப்பம் ஆய்வு பாஸான கூட்டம். நீங்க இல்லன்னா அந்தக் கூட்டமே செல்லாது.”

அவர் தேதியைப் பார்த்தார்.

“அன்னிக்கு நான் வர்லமா.”

“தெரியும்ங்கய்யா. நூத்திப் பன்னண்டு பேருக்கு ரத்தம் எடுத்து முடிச்சாச்சு. பீம்ராவ் நம்ம ஆளு, போட்டுருவாருன்னு தலைவர் சொல்றாரு.” அவள் குரல் இறங்கியது. “போடலன்னா, குழுவ மாத்தும்போது உங்க பேரு இருக்காதுங்கய்யா.”

அது அவருக்கு உறைத்தது. மாதத்தில் ஒரு நாள், அந்த மேசையில் அவருக்கென்று ஒரு பெயர்ப்பலகை இருக்கும். அவர் வாயைத் திறந்தால் எட்டுப் பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அவரோடு பேசுவது வானொலி மட்டும்தான்.

மனிதரை மதிக்கிறோம் என்று சான்றிதழ் வாங்குவதற்காக, ஒரு மனிதரின் துக்க நாளையே இல்லையென்று எழுதச் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

பீம்ராவ் பேனாவை வாங்கினார். கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் எழுதினார்: ‘வரவில்லை. அன்று என் மனைவி மாயாவை அடக்கம் செய்தேன்.’ கீழே கையெழுத்தும் இன்றைய தேதியும்.

“ஐயா! என்னங்கய்யா இப்படி எழுதிட்டீங்க!”

“நெசந்தானமா. வர்றவங்களாண்ட காட்டு.”

ராமசெல்வி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்து மாலை போட்டவள் அவள். அந்த ஆய்வின் படிவம் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டபோது, எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை முகத்துவாரக்குப்பத்துக்கு பஸ் ஏறினார். ஒரு வீட்டு வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த குப்பம்மா என்ற பெண்ணிடம் கேட்டார்.

“இங்க ரத்தம் எடுத்தாங்களே, உனக்கும் எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க நைனா. சக்கரை கீதானு பாக்கன்னாங்க. அப்பால ஆளயே காணோம்.”

பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. படிவத்தில் சர்க்கரை பற்றி ஒரு சொல்கூட இல்லை. பீம்ராவ் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் இறால் உரித்த கை மேலே எழுந்தது.

“இரு நைனா, இரு. இன்னாது அது? பிரியிற மாதிரி சொல்லு.”

பீம்ராவ் நிறுத்தினார். சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.