எக்ஸ்ரே அக்கா எடுத்த சூரியன்

இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் இல்லாத அறையில் வேலை பார்ப்பவள் அவள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. முழு சூரிய கிரகணம் தன் ஊர் வழியாகவே போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு நிமிடம் பத்து வினாடி இருட்டு. அதற்குள் சூரியனைச் சுற்றி விரியும் வெள்ளை ஒளிவட்டத்தைப் படம் பிடித்துவிட வேண்டும். விட்டால் இந்த ஆயுசில் இந்த ஊரில் இன்னொன்று கிடையாது.

மூன்று மாதம் நிலாவை எடுத்து எடுத்துப் பழகினாள். கேமரா லென்ஸின் முகத்தில் கறுப்பு ஃபில்டர் இருக்கும். சூரியன் முழுதாக மறைந்ததும் கழற்ற வேண்டும், அது மறுபடி எட்டிப் பார்க்கும்போது மாட்ட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அன்று மொட்டை மாடியில், கைபேசியைப் பார்த்து வினாடி சொல்வது கணவன் பொறுப்பு. நாத்தனாருக்கு வாய்தான் வேலை.

"அண்ணி, சூரியனை மூச்சடக்கச் சொல்லுங்க. படம் ஆடிடப் போகுது."

"நீ முதல்ல வாயை அடக்கு."

காற்று சில்லென்றது. கடைசிப் பொட்டு வெளிச்சமும் அணைய, தெருவே 'ஓ'வென்று கத்தியது. அவள் கேமராவின் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், கால்கள் அவளை நாலே எட்டில் தண்ணீர்த்தொட்டிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தின. அங்கே நின்று அழுத்தினாள். கதிர் மேலே படாமலிருக்க, தினம் அறுபது தடவை சுவருக்குப் பின்னால் நின்றே பட்டனை அழுத்துகிறவள். பழக்கம் மனசிடம் அனுமதி கேட்பதில்லை. ஆஸ்பத்திரிச் சுவரிலாவது எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி உண்டு. இங்கே வெறும் சிமெண்ட்.

"அண்ணி! எங்க போறீங்க? சூரியன் இந்தப் பக்கம்!"

"முப்பது!" என்றான் கணவன்.

ஓடி வந்தாள். லென்ஸில் ஃபில்டர் அப்படியே இருந்தது. எடுத்ததெல்லாம் கும்மிருட்டு.

"ஐயோ, கழட்டவே இல்லையே!"

விரல் வழுக்கியது. கழன்றபோது கணவன் "எழுபது!" என்றான். ரிமோட்டை எடுத்தாள், கால் மறுபடி கிளம்பியது.

"என்னைப் பிடிச்சுக்கோடி!"

நாத்தனார் இடுப்போடு கட்டிக்கொண்டாள். சிரிப்பில் இருவரும் குலுங்கினார்கள்.

"நூறு! ரெண்டு பேரும் ஆடாதீங்க, புண்ணியமாப் போகும்!"

அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். விளிம்பில் வெளிச்சம் சொட்டாகத் தெறித்ததும் ஃபில்டரை மாட்டினாள்.

ஃபில்டரைக் கழற்றியபின் எடுத்த பதினொரு படங்களில் பத்து ஆடிப்போயிருந்தன. ஒன்று தெளிவாக வந்திருந்தது. கறுப்பு வட்டம், சுற்றிலும் இறகுபோல வெண்மை, கீழ் விளிம்பில் நகக்கீறல் அளவுக்குச் சிவப்பு. நல்ல படம்தான், அதற்குமேல் சொன்னால் மிகை.

"இது என்ன அண்ணி, செவப்பா?"

ஆஸ்பத்திரியில் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் "டாக்டர் சொல்வார்" என்பதோடு அவள் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுதான் விதி. இப்போது குரல் தானாகவே உயர்ந்தது.

"சூரியன்லேர்ந்து கிளம்புற தீ அது. நம்ம பூமி மாதிரி நாலஞ்சை அப்படியே முழுங்கும்!"

கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்தார்கள். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.