மதிப்பீட்டுக் குழு வந்த ஞாயிறு

போன வாரம் எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்விக்குத் தொலைநோக்குத் திட்டம் என்று கூட்டம் போட்டார்கள். ஏசி மண்டபம்; திரையில் கலர் கலராக வட்டங்கள். யாரோ அடித்த ரூம் ஸ்பிரே மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். வயசுக் கோளாறு என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். காரணம் வயசல்ல, அருளப்பன் சார்.

எழுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு எடுப்பேன். பெல்பாட்டம் போட்டுக்கொண்டு பத்துக் கட்டளைகளை விளக்கிய மகான் நான். என்னோடு வகுப்பெடுத்த பிலோமினா டீச்சர் வேறு ரகம். கள்ளிக்குப்பம் பக்கம் செங்கல் சூளைக்கே போய், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். முதலில் பேன் பார்ப்பார், அப்புறம்தான் செபம்.

மேற்றிராசனத்திலிருந்து, அதாவது ஆயர் அலுவலகத்திலிருந்து, மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தெரிந்ததும், எங்கள் பங்கின் திட்டக் குழுத் தலைவர் அருளப்பன் சார் ஒத்திகை ஆரம்பித்தார். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை எழுந்திருக்க வேண்டும் என்பதுகூட முடிவாகிவிட்டது. பிறகு டீச்சரிடம், "அந்த சூளைப் பசங்கள அன்னிக்குக் கூட்டிட்டு வராதீங்க. நாறுதுங்க" என்றார்.

"இன்னா சார் பேசறீங்க? மாட்டுக் கொட்டாய்ல பொறந்தவரு ஊட்டுக்கு சென்ட் பூசிகினா வரணும்?"

கூட்டிக்கொண்டுதான் வந்தார். தலையில் எண்ணெய் வழிய, பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். குழுவில் வந்த சாமியார், "அவங்க யாரு?" என்று கேட்டார்.

அருளப்பன் சார் சிரித்தார். "நம்ம பங்கு இல்ல சாமி. பன்னு குடுப்பாங்கன்னு வந்ததுங்க."

லூர்து என்கிற சிறுமி எழுந்து நின்றாள். "எனுக்கு இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் குடுத்தாங்கோ" என்றாள். யாரும் கேட்காமலே விசுவாச மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே சாமியார் வாட்சைப் பார்த்தார். "போதும்மா, உக்காரு."

"நீ முடி கண்ணு" என்றார் டீச்சர், சாமியார் பக்கம் திரும்பாமல்.

அவள் முடித்தாள், ஆமென் வரைக்கும். அப்புறம் எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். அருளப்பன் சார் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "நல்லபடியா முடிஞ்சிது" என்றார். நான் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் பங்கு மிகச் சிறப்பு என்று பாராட்டு வந்தது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சூளை வகுப்பு இல்லை, பலனில்லையாம். டீச்சர் எங்கள் பங்குச் சாமியார் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு கோயிலைக் கேட்காமல் தானாகவே போய் நடத்தினார், சூளை மூடும்வரை.

இன்று அங்கே அடுக்குமாடிகள். டீச்சரும் இல்லை. அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று பங்கில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிறு காலையில் பூசைக்கு அந்தப் பக்கமிருந்து வெறுங்காலோடு நடந்துவரும் பிள்ளைக் கூட்டம், குழு வந்த அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வரவேயில்லை.